பேச வேண்டியவர்

ஒரு கம்பெனி மேனேஜரின் பணி ஓய்வு விழாவை நடத்தித் தரச் சொல்லி அவர் மனைவி அவருடைய போட்டோவை நீட்டியபோதே, விழா அமைப்பாளரான அவள் ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். பத்து வருடங்களுக்கு முன், ஒரு லாரி சரக்கு தப்பான ஊருக்குப் போனதற்காக மொத்த ஆபீஸ் முன்னாலும் அவளைத் திட்டி, வேலையை விட்டு அனுப்பியவர் அவர்தான்.

இருந்தாலும் ஒப்புக்கொண்டாள். விழாவன்று மேடை, லைட், சாப்பாடு எல்லாவற்றையும் அவர் கண்ணில் படாமலே ஓடியாடிக் கவனித்தாள். அவர் குரல் கேட்டாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

பேச வேண்டிய நேரத்தில் அவரைக் காணோம்.

"மேடைக்குப் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு வரமாட்டேங்கிறார். நீங்க கொஞ்சம் கூப்பிடுங்களேன்," என்றார் மனைவி.

மேடைக்குப் பின்னால் போனாள். வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தவர், அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நீங்கதான் நடத்துறீங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்கம்மா."

"எதைச் சொல்றீங்க சார்?"

"அந்த லாரிக்கு அட்ரஸை மாத்தி எழுதினது நான்தான்னு. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு பயந்துதான் உங்களை அவசரமா வேலையை விட்டு அனுப்பினேன்."

பத்து வருடங்களாக அதைத் தன் தப்பு என்றே நம்பியிருந்தாள் அவள்.

அவர் சட்டையில் மைக்கை மெதுவாகச் செருகினாள்.

"நான் சொல்ல மாட்டேன் சார். நீங்களே சொல்லிடுங்க."