நூல் ஏறாத பூவேலை

“அதைத் திருப்பிக் காட்டு” என்றார் மங்களாம்பிகை.

பூவிழி அசையவில்லை. அவரே மரச்சட்டத்திலிருந்து ரவிக்கைத் துணியை அவிழ்த்துத் திருப்பினார். முன்பக்கத்தில் அன்னமும் கொடியுமாகப் பொன்னிறச் சங்கிலித் தையல் மின்னியது. பின்பக்கத்தில் நூலோட்டம் இல்லை; ஒரு முடிச்சுகூட இல்லை. வழவழவென்று வெறும் பட்டு.

“இது தையலே இல்லையே! கலர்!”

“ஆமாங்கம்மா. ஃபேப்ரிக் கலரைக் கோன்ல அடைச்சு, மருதாணி போடற மாதிரி போட்டது.”

ஆவணி முகூர்த்தங்களுக்கு வேலை கொடுக்க வந்து காத்திருந்த பெண்கள் இருவர், பெஞ்சை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“என் பொண்ணு குந்தவைக்கு நாளன்னிக்குக் கல்யாணம். கூறைப்புடவையோட சேர்த்து நெய்த துணி இது. மாத்துத் துணி கிடையாது. ஆரி ஊசித் தையல்னு சொல்லித்தானே உன்கிட்ட கொடுத்தேன்?”

“ஆரின்னுதான் சொன்னீங்க.”

“அப்புறம்?”

“நான்தான் மாத்திட்டேன்.”

“ஏன்னு கேக்கறேன்!”

பூவிழி கோனின் நுனியை ஈரத்துணியால் துடைத்தாள்.

“உங்கம்மா எங்க வயல்ல நாத்து நட்டவ. யாரும் பாக்காத வரப்போரத்துலகூட ஒரு குத்து குறைச்சு நட்டதில்லை. அவ வயித்துல பொறந்துட்டு, கண்ணெதிர்லயே ஏமாத்தறியே!”

பூவிழியின் முகம் வாடிற்று, குரல் வாடவில்லை.

“கூலி ஒண்ணும் வேண்டாங்கம்மா. துணியை எடுத்துட்டுப் போய்த் தைக்கக் கொடுத்துடுங்க.”

“கூலியை யாரு பேசினா? ஒரே பொண்ணு எனக்கு. பொறந்ததுலேர்ந்து அவளுக்குப் போலியா ஒரு பொருள் நான் வாங்கினதில்லை. தோ, சஃபியா உக்காந்திருக்காளே, இந்தச் சுத்துவட்டாரத்துல அவளை மாதிரி ஆரி போட ஆள் உண்டா? முழுக்க வேண்டாம். கொடிக்கு மட்டுமாவது நூல் ஏத்திக் கொடுங்க.”

அடுத்த சட்டத்தில் ஊசியை நிறுத்திய சஃபியா, “அதுக்கென்னம்மா, போட்டுடலாம்...” என்று தொடங்கினாள்.

“கூடாது” என்றாள் பூவிழி. “இந்தத் துணியில ஊசி இறங்கக் கூடாது.”

“அப்ப நான் கும்பகோணம் போறேன். மெஷின்காரன் ஒரு மணி நேரத்துல அடிச்சுத் தருவான்.”

“ஊசி பட்டா கலர் வெடிச்சு உதிர்ந்துடும். அப்புறம் இதுவும் இருக்காது, அதுவும் இருக்காது. எங்க கொண்டு போனாலும் இதையேதான் சொல்வாங்க.”

“திமிரைப் பாத்தியா! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கண்டுபிடிச்சா என் மானம் என்னாகும்?”

“தைச்சு லைனிங் கொடுத்துட்டா யாருக்கும் தெரியாதுங்க.”

“எனக்குத் தெரியுமே!”

வேறு வழியில்லை என்பது மங்களாம்பிகைக்கும் புரிந்தது. துணியைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டார்.

“இனிமே இந்தப் படியை யாரு மிதிக்கறாங்கன்னு பாக்கறேன்.”

அவர் இறங்கினார். காத்திருந்த பெண்கள் இருவரும் கொண்டுவந்த துணியோடு பின்னாலேயே இறங்கினார்கள்.

‘நூலுக்குப் பதிலாகக் கலரைப் போட்டுவிட்டாள்’ என்று கடை வாசலில் பிறந்த பேச்சு, பூக்கடையைத் தாண்டும்போது ‘ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள்’ என்றாயிற்று. வலங்கைமான் பேருந்து நிலையத்தை அடைந்தபோது ‘ஜரிகையை உருவி விற்றுவிட்டாளாம்’ என்றிருந்தது. நண்பகலுக்குள் மூன்று பேர் போனில் அழைத்துத் தங்கள் துணிகளைத் திருப்பிக் கேட்டார்கள்.

“ஏம்மா, நீ பேப்பரை வெட்டி ஒட்டறியாமே?” என்றார் மூன்றாமவர்.

“துணி பத்திரமா இருக்குங்க. வந்து வாங்கிக்குங்க” என்று பூவிழி போனை வைத்தாள்.

சஃபியாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்டி, இருபது நாளா ஒவ்வொரு கண்ணியா வரைஞ்சே. அதுல பாதி நாள்ல நான் நெசமாவே நூல் போட்டிருப்பேன். சோம்பேறித்தனம்னாலும் ஒத்துக்கலாம், ரெட்டை வேலை பாத்துட்டுத் திட்டு வாங்கறியே! உனக்கென்ன பைத்தியமா?”

“அப்படியே வெச்சுக்க.”

“ஆவணி பூராவும் போச்சு.”

“போகட்டும். ஐப்பசின்னு ஒரு மாசம் இருக்குல்ல?”

“காரணத்தை என்கிட்டயாவது சொல்லேன்.”

“உன்கிட்டயும் சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

சஃபியா தலையில் அடித்துக்கொண்டு, மதியத் தொழுகைக்கு வீட்டுக்குப் போனாள்.

கடையில் பூவிழி தனியாக இருந்தபோது போன் மறுபடி ஒலித்தது. குந்தவை. அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, அம்மா அங்க வந்து கத்தினாங்களாமே! எல்லார் முன்னாலயுமா?”

“அது ஒண்ணுமில்லைம்மா. கல்யாணப் பொண்ணு அழக் கூடாது.”

“நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட ஆரி ரவிக்கை, லைனிங் வெச்சும் முடிச்சு உரசி ரெண்டு நாள் தோள் தீயா எரிஞ்சுது. அதைச் சொல்லித்தானே உங்ககிட்ட ரகசியமா இப்படிப் போடச் சொன்னேன்? எனக்காக உங்க பேர் கெடக் கூடாது. நான் இப்பவே அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.”

“சொல்லாதீங்க” என்றாள் பூவிழி. “உங்க மூணு வயசுல அம்மா கை தவறி உங்க தோள்ல கொட்டின கொதிகஞ்சியோட தழும்பு எப்பவோ ஆறிப்போச்சுன்னு நம்பிக்கிட்டிருக்காங்க. அவங்க என்னைத் திட்டிக்கிட்டே உங்க கல்யாணத்தைச் சந்தோஷமா பாக்கட்டும்.”