அரை டன் தாங்கணும்

"ரம்பத்தை எடுய்யா மேலே!"

வாசலில் நின்றே அண்ணன் போட்ட சத்தத்தில் கார்பென்டரின் கை அப்படியே நின்றுவிட்டது.

கூடத்தின் நடுவில் தங்கையின் கட்டிங் டேபிள். இருபத்திரண்டு வருஷமாக அவள் துணி வெட்டிய மேஜை. அகலத்தில் பாதியைக் கழிக்கப் பென்சில் கோடு போட்டு, ஒரு ஜாண் அறுத்தும் ஆகிவிட்டது.

"என்ன மாப்ளே நடக்குது இங்கே?"

"மீன் தொட்டிக்கு ஸ்டாண்டு, மச்சான்," என்றார் தங்கையின் கணவர். சுவரோரம் காலியாக இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். "அஞ்சடி நீளம். தண்ணி, மணல், கல் எல்லாம் சேர்த்தா அரை டன் வரும். கடையில விக்கிற இரும்பு ஸ்டாண்டெல்லாம் கை வெச்சாலே ஆடுது. இந்த மாதிரி கால் வேற எங்கே கிடைக்கும்?"

"அதுக்கு?"

"அதான் இதை எடுத்துக்கிட்டேன்."

அண்ணன் கையில் ஒரு பை. உள்ளே மகளின் கல்யாண உடைக்கான துணி. அடுத்த மாதம் கல்யாணம். அத்தைதான் தைக்க வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றதால், துணிக்கடையிலிருந்து நேரே இங்கே வந்திருந்தார்.

"இது யாரோட மேஜை தெரியுமா? வேலை போய் ரெண்டு வருஷம் வீட்ல படுத்துக் கிடந்தியே, அப்ப உனக்கும் சேர்த்துச் சோறு போட்ட மேஜை!"

'வாங்க, போங்க' என்றே பேசிப் பழகியவர், முதல் தடவையாக 'நீ'க்கு இறங்கியிருந்தார்.

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சுமா அவ பொழைப்பைப் பிடுங்கி மீனுக்குப் போடுறே?"

"ஆசை வந்துடுச்சு. என்ன பண்றது?"

கார்பென்டர் ரம்பத்தைக் கீழே வைத்தார். "நானும் சொல்லிப் பார்த்தேன் சார். வேற மரம் வாங்கி நாலு நாள்ல அடிச்சுத் தரேன்னேன். காதுலயே வாங்க மாட்டேங்கறார். இதேதான் வேணுமாம்."

அண்ணன் தங்கை பக்கம் திரும்பினார். ஜன்னலோர நாற்காலியில் அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ என்ன கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. இந்த ஆளை நான் பார்த்துக்கறேன்."

"இருக்கட்டும்ண்ணா. அவர் ஆசைப்பட்டுட்டார்."

"உன் கையை ஒடிச்சுப் போடுறான், இருக்கட்டுங்கறியா?"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரி ஒரு துணிப் பொட்டலத்தோடு வாசலில் எட்டிப் பார்த்தாள். "டெய்லரக்கா..."

தங்கை நிமிர்வதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "இனிமே இங்கே தைக்கிறதில்லம்மா. மேஜையை நான் எடுத்துட்டேன். மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க."

"அடப் பாவி மனுஷா!" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனாள் அவள். அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அது அவருக்கு உறைத்த மாதிரியே இல்லை. "நீங்க அறுங்க," என்றார் கார்பென்டரிடம்.

ரம்பம் மறுபடி ஓடியது.

அண்ணன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இனிமே இந்த வாசல்படியை நான் மிதிச்சா ஏன்னு கேளு!"

"சரி மச்சான்."

அந்த 'சரி'தான் அவரை இன்னும் கொதிக்க வைத்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. அறுத்த பக்கத்துக் கால்களைக் கழற்றி உள்ளே தள்ளிப் பொருத்தி, குறுக்குக் கட்டைகள் கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேலே தெர்மாகோல் விரித்துத் தொட்டியைத் தூக்கி வைத்தாயிற்று. துளிகூட ஆடவில்லை. கார்பென்டர் கிளம்பும்போது கணவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. "வரேன்மா," என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

தெருவில் அவருக்கு 'மீன் பைத்தியம்' என்று பெயர் நிலைத்தது. அந்தப் பைத்தியத்துக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு தீனி போடுவது என்றுகூடத் தெரியவில்லை. முதல் வாரத்திலேயே மூன்று மீன்கள் செத்து மிதந்தன.

பத்து நாள் கழித்துக் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அவர்தான் பிரித்து, மனைவிக்கு முழுக்கப் படித்துக் காட்டினார்.

"உறை மேலே யார் பேர் எழுதியிருக்கு?"

"உன் பேர்."

"உங்க பேர்?"

"உன் பேர் இருந்தா போதாதா?" என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணன்கிட்ட மட்டுமாவது சொல்லிடலாங்க. கத்தரி துணியில போகுதா விரல்ல போகுதான்னே எனக்குத் தெரியலைன்னு. மிச்சமிருக்கிற கொஞ்ச வெளிச்சமும் ஆறு மாசம்தான்னு. பாவம், நீங்க ஏன் இந்தப் பேச்செல்லாம் வாங்கணும்?"

"திடீர்னு தையலை விட்டா ஏன், எதுக்குன்னு நூறு பேர் கேப்பாங்க. புருஷன் பிடுங்கிட்டான்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"ஊருக்குச் சரி. அவர் என் கூடப் பிறந்தவர்தானே?"

அவர் பத்திரிகையை மடித்து அவள் கையில் வைத்தார்.

"உங்கம்மாவுக்குக் கண்ணு போனது வயசால இல்லை, உனக்கு வந்திருக்கிற இதே வியாதிதான், உங்க குடும்பத்துல இனி யாருக்கு வேணா வரலாம்னு டாக்டர் சொன்னாரே. அது இப்ப மாப்பிள்ளை வீட்டார் காதுல விழுந்தா, நின்னு போறது உங்க அண்ணன் பொண்ணு கல்யாணம்தான்."