செடி சொன்ன பேர்

உயிர் அமைப்புப் பொறியியல் இறுதியாண்டுத் தேர்வில் கேள்வித்தாள் கிடையாது. ஆளுக்கொரு பாத்தியில் கத்தரி வளர்க்க வேண்டும். தன்னை வளர்த்தது யார் கை என்று செடியே சொல்லிவிடும்.

மாரிக்கனியின் பாத்தியில் காய்கள் மினுமினுத்தன. அவள் இலையைத் தொட்டாள். செடி சொல்வதைக் காட்டும் திரை பேராசிரியர் கையில் வெறுமையாகவே கிடந்தது.

“செடிக்கு உன்னத் தெரியலியேம்மா. யாரு பாத்தது?”

“எங்கம்மா சார். நான் படிச்சிட்டு இருந்தேன்.”

முடிவு கேட்க வந்து வரப்போரம் நின்றிருந்த அவள் அம்மா பேச்சியம்மாளை அவர் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். திரை முழுக்கப் பச்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

“அவ பேருலயே எழுதிருங்கய்யா. நான் சும்மா களையெடுக்க வந்தவ.”

“செடி ஒத்துக்காதும்மா. மார்க்கு உங்களுக்குத்தான். வர்ற வருசம் நீங்க இங்க சேந்து படிக்கலாம். உங்க மக திரும்ப எழுதணும்.”

முழுசாக ஒரு வருடம் வீணாகிவிட்டது. மாரிக்கனிக்குக் கண் கலங்கியது. செடி கண்டுபிடிக்காத அளவுக்கு அம்மா எவ்வளவு செய்யலாம் என்று அப்போதும் அவள் மனம் கணக்குப் போட்டது.

“அடுத்த தடவ தண்ணி மட்டுமாவது பாச்சித் தாம்மா.”

பேச்சியம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு ஏதுட்டி நேரம்? எனக்கும் ஒரு பாத்தி வந்துட்டுல்லா.”