ஒரு பீப், ரெண்டு பீப்

"கரைக்குத் திரும்பி வர்ற வரைக்கும் நீ வாயைத் திறக்கவே கூடாது" என்றார் மெக்கானிக், படகைத் தண்ணீருக்குள் தள்ளியபடி.

"இல்லைங்க, வீட்ல நீங்க அந்த..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"பாத்தியா! ஆறு வருஷமா உன் பேச்சைக் கேட்டுத்தான் பந்தயத்துல கடைசியா வர்றோம்."

கேட்டதாவது! "முன்னாடி வாங்க, படகோட வால் அழுந்துது" என்று அவள் கத்தினால், இன்னும் வசதியாகப் பின்னால் சாய்ந்துகொள்கிற மனிதர் அவர்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் அவர் தொழில். பழைய மெஷின் ஒன்றிலிருந்து பிடுங்கிய பீப் ஒலிப்பானையும், சாய்வு காட்டும் ஒரு ரசமட்டத்தையும் கோர்த்து, சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி செய்திருந்தார். அதைப் பாய்மரத்தின் அடியில், மனைவி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டினார்.

"ஒரு பீப்னா மூக்கு தூக்குது, முன்னாடி நகரணும். ரெண்டு பீப்னா மூக்கு முங்குது, பின்னாடி போகணும். நீளமாக் கத்துனா ரெண்டு பேரும் வெளிய சாயணும். மெஷின் பொய் சொல்லாது. இன்னைக்கும் கடைசின்னா, சத்தியமா படகை வித்துடறேன்."

மனைவியின் முகம் வாடியது. இருவர் ஓட்டும் அந்தப் பாய்மரப் படகை வாங்கலாம் என்று முதலில் ஆசைப்பட்டவளே அவள்தான்.

"சரிங்க. ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

பந்தயம் தொடங்கியது. காற்று காதை அடைத்தது. முன்னாலிருந்து "பீப்!" என்று கேட்டதும், சுக்கானைப் பிடித்திருந்த மெக்கானிக் நல்ல பிள்ளையாக முன்னால் நகர்ந்தார். படகு வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது.

"பீப் பீப்!" பின்னால் போனார். "பீஈஈப்!" இருவரும் வெளியே சாய்ந்தார்கள். முதல் திருப்பத்திலேயே நான்கு படகுகள் அவர்களுக்குப் பின்னால்.

இரண்டாவது திருப்பத்தில் ஓர் அலை மனைவியின் முகத்தில் பளாரென்று அறைந்தது. அவள் இருமி முடிக்கும்வரை கருவியும் ஊமையாகக் கிடந்தது.

"ஐயையோ, டப்பாக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு!" என்று அவர் பதறும்போதே, கரகரப்பாக ஒரு "பீப்!" மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும் பல் டாக்டரை, அரைப் படகு நீளத்தில் முந்திக் கரை தொட்டார்கள்.

டாக்டர் ஈரச் சட்டையோடு ஓடிவந்தார். "என்ன வைத்தியம் பண்ணீங்க மெக்கானிக்?"

"எல்லாம் இந்த டப்பா பண்ணுன வேலை டாக்டர்! பொண்டாட்டி பேச்சைக் கேட்டா கரை சேர முடியுமா? மெஷின் பேச்சைக் கேக்கணும்!"

மனைவி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, சொன்ன வாக்குப்படி மௌனமாகவே நின்றாள்.

"அடுத்த பந்தயத்துக்கு ஒரே ஒரு நாள் இதை எனக்குத் தர்றீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க!"

டாக்டர் ஆசையாக மூடியைத் திறந்தார். "பேட்டரி எங்க?"

பேட்டரி இருக்க வேண்டிய இரண்டு குழிகளும் காலியாக இருந்தன. மெக்கானிக் டப்பாவைப் பார்த்தார். பேட்டரிகளை வீட்டுச் சுவரில் சார்ஜரோடு செருகிவிட்டு வந்தது அப்போதுதான் அவர் ஞாபகத்துக்கு வந்தது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினாள்.

"பீப்!"