மேருவுக்கு இலவச சோலார்

"ஓசியில சோலார் மாட்டிக் குடுத்தா கம்பெனிக்கு என்ன வரும், சொல்லு!" பங்சார் ஆபீசில் மேசையைத் தட்டிக் கத்தினான் கிஷன். சோலார் கம்பெனியின் நிதி மேலாளர் அவன்.

"பேரு வரும் லா. பேரு வந்தா ஷேர் ஏறும்," என்றாள் சமூகப்பணி மேலாளர் புனிதா. "பத்தே வீடுதான். பிள்ளைங்க கைவிட்ட வயசானவங்க, கிள்ளான் பக்கத்துல மேருவுல."

"மேருவா? வேற இடமே கிடைக்கலையா? இந்த வருஷ லாபமே போயிடும்!"

பத்துக் கூரையில் லாபம் பறந்துவிடுமாம்! கணக்குப் புலி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். குணத்திலும் தங்கம். மெல்பர்னில் அக்கா வீட்டிலிருக்கும் அம்மாவோடு தினமும் போனில் பேசுகிறானாம். பிரிக்பீல்ட்ஸில் அவனுக்கு நிச்சயமான பெண் ஷாமினிக்கு அதில் அத்தனை பெருமை.

சேர்மன் புனிதா பக்கம் சாய்ந்துவிட்டார். விழாவுக்கு ஆபீசே மேருவுக்குப் போனது. ஷாமினியும் ஆசையாக வந்திருந்தாள். முதல் வீட்டு புஷ்பவல்லிக்கு மாலை போட்ட சேர்மன், கேமராவைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஆன்டி, உங்களுக்குன்னு பிள்ளைங்க யாருமே இல்லையா?"

"ஏன் இல்லாம? ஒரே ஒரு பையன். அதோ, உங்க பேனருக்குப் பின்னால குனிஞ்சு நிக்கிறானே, அவன்தான் ஐயா."

படம் பத்திரிகையில் வந்தது. புனிதா சொன்னபடியே ஷேரும் நான்கு சென் ஏறியது. கிஷன் மாற்றல் கேட்டுக் கடல் தாண்டி மீரி கிளைக்குப் போனான். அங்கே விசாரிப்பவர்களிடம் அம்மா லண்டனில் என்கிறானாம். ஷாமினியோ, படம் எடுத்த பரமேஸ்வரனைக் கட்டிக்கொண்டு கிள்ளானில் குடியேறிவிட்டாள்.