கேட்டுக்கு வெளியே

சொத்து வரியை உயர்த்தும் தீர்மானத்துக்குக் கை தூக்கிவிட்டு வந்த கவுன்சிலர் ஷாயிஸ்தாவின் மாடம்பாக்கம் வீட்டை அன்று மாலையே தெரு மொத்தமும் முற்றுகையிட்டது.

“மழை வந்தா ஹாலுக்குள்ள முழங்கால் தண்ணி. இதுல வரி வேற ஏத்துவீங்களா?” என்று முன்னால் நின்ற ஜமால் கத்தினார்.

“அந்தத் தண்ணி வெளிய போகத்தான் கால்வாய். வரி இல்லாம எப்படிக் கட்டுறது? நாளைக்கே மறுபடி கேட்டாலும் கை தூக்குவேன்” என்றார் ஷாயிஸ்தா.

“அப்ப வரியைக் குறைக்கிற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்!”

கூட்டம் கைதட்டியது.

ஷாயிஸ்தா உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

“ஏங்க, இந்தாங்க உங்க தலகாணி.”

கேட்டுக்கு மேலாக அதை வாங்கிக்கொண்ட ஜமால், மனைவியை முறைத்தார்.

“போர்வையும் கொண்டா!”