கவிழ்த்த செம்பு

அடுப்படி ஜன்னலில் செம்பு கவிழ்ந்திருந்தால் ஒன்றும் கேட்காமல், அரிசி டிரம்முக்குப் பின்னாலிருக்கும் பையை எடுத்துக்கொண்டு, கீழ்வீட்டு டெய்லரக்காவிடம் போய்விட வேண்டும் என்று குணவதி மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். செருப்பைக் கையில் பிடித்துச் சத்தமில்லாமல் படியிறங்கவும் பழக்கியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷனுக்கு என்ன தோன்றியதோ, தானே மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தான். பாத்திரங்களைத் தேய்த்தான். செம்பைத் தண்ணீர் வடிய ஜன்னலில் கவிழ்த்தான்.

குணவதி குளித்துவிட்டு வந்தபோது பை இல்லை. வாசலில் மகளின் செருப்பும் இல்லை.

"உப்பு பாரு" என்று அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விட்டான். உப்பு சரியாகத்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் அவன் இப்படித்தான் இருந்தான்.

"பாப்பா எங்க? சூடா சாப்பிடட்டும்."

கீழே போய்க் கூட்டிவந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவள் செம்பை நிமிர்த்தக் கைநீட்டினாள். போன மாதம் அவன் வீசியபோது அவள் குனிந்துகொண்டதால் சுவரில் பட்டு நசுங்கிய இடத்தையும் அவன் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தான்.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றாள். செம்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.